சொல்ல மூச்சு வேண்டும்

எங்கள் வீட்டில் தொய்வு அம்மம்மாவிடமிருந்து தொடங்குகிறது. தனக்கு முதன்முதலாக முட்டு வந்த நாளை அவர் தேதியோடு சொல்வார்: 1942 ஏப்ரல் 9. யப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட நாள். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிவைத்த எண்ணெய்க் குதங்களில் ஒன்று தீப்பற்றி நாட்கணக்காக எரிந்தது. அம்மம்மாவுக்கு அப்போது 12 வயது. சனம் மூட்டை முடிச்சுகளோடு உட்புற ஊர்களுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கரும்புகையைக் குடித்த இரவில் நெஞ்சு அடைத்ததாகவும், படுக்க ஏலாமல் குந்தியிருந்தே விடியவிட்டதாகவும் சொல்வார்.

தொய்வு புகையால் மட்டும் பிறப்பதில்லை. பரம்பரையும் ஒவ்வாமையும் அதற்கு முதலில் இடம் வைக்கின்றன. புகை, தூசி, குளிர், தடிமன் எல்லாம் பிறகு வந்து அதைக் கிளப்பிவிடுகின்றன. அம்மம்மாவின் உடம்பில் எது முதலில் நடந்தது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அவர் அந்த வருத்தத்தைச் சொன்ன விதம் மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “மேல்மூச்சு வருது பிள்ளை, அடிமூச்சு இறங்குதில்லை” என்பார். திண்ணையில் இருந்து, முழங்கால்களில் கைகளை ஊன்றி, தலையை முன்னுக்குச் சரித்துக்கொள்வார். அந்த இருப்பை யாரும் அவருக்குப் பழக்கவில்லை. கைகளை ஊன்றிக்கொண்டால் கழுத்துத் தசைகளும் தோள் தசைகளும் நெஞ்சுக்கூட்டைத் தூக்கிக் கொடுக்கும் என்பதை உடம்பு தானாகவே கண்டுபிடிக்கிறது. வைத்திய மாணவர்கள் அதை நோயின் அடையாளமாகப் படிக்கிறார்கள்.

அம்மாவைத் தொடாத தொய்வு என்னிடம் வந்தது. ஆனால் அம்மம்மா சொன்னதுபோல அது எனக்கு வரவில்லை. நாடிக்குக் கீழே, தொண்டைக்குழியைச் சுற்றி, ஒரு அரிப்பு எடுக்கும். சொறிந்தாலும் அடங்காது. பிறகு காரணமில்லாமல் கொட்டாவி வரும், பெருமூச்சு வரும். அதற்குப் பிறகுதான் நெஞ்சின் நடுவில் இறுக்கம். ‘கீய்’ என்ற சத்தம் எல்லாவற்றுக்கும் கடைசி. அம்மா அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கமாட்டார். பாடம் படித்துக்கொண்டிருக்கும் என் தோள்களைப் பார்ப்பார். “இவளுக்குத் தோள் ஏறுது” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அடுப்பில் தண்ணீர் வைப்பார். நான் வாய் திறப்பதற்கு முன்பே வீடு ஆயத்தமாகிவிடும்.

எங்கள் ஊரில் தொய்வுக்காரர் காற்றின் பெயர் சொல்லித்தான் வருத்தத்தைப் பற்றிக் கதைப்பார்கள். “எனக்கு வாடை ஆகாது” என்பார் ஒருவர். “எனக்குக் கச்சான்தான்” என்பார் அடுத்தவர். வாடை வீசும் கார்த்திகை, மார்கழி மழையில் திருக்கடலூர்க் கரையோர வீடுகளின் சுவர்கள் ஈரம் குடித்துப் பூஞ்சணம் பிடிக்கும். இலவம்பஞ்சுத் தலையணைகள் வெயில் காணாமல் கிடக்கும், தூசி உண்ணிகள் அவற்றுக்குள் பெருகும். கதவு யன்னல் எல்லாம் சாத்திய அறைக்குள் நுளம்புத்திரியின் புகையும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் மண்ணெண்ணெய் விளக்கின் கரியும் தங்கிவிடும். வைகாசியில் கச்சான் தொடங்கும். மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்று வழியிலுள்ள புழுதியையெல்லாம் வாரிக்கொண்டு நகரத்துக்குள் நுழையும். கோணேசர் கோவிலுக்குப் போகையில் கோட்டை வாசலைத் தாண்டி மேட்டில் ஏறும் வீதியில் அம்மம்மா இளைப்பாறும் மரங்கள் இருந்தன. மான்களைப் பார்க்க நிற்பதாகத்தான் எங்களுக்குச் சொல்வார்.

1990 ஜூனில் மீண்டும் சண்டை மூண்ட பிறகு ஊரடங்கு எங்கள் இரவுகளின் வழமையாயிற்று. தொய்வுக்கும் இரவுதான் நேரம். நள்ளிரவை ஒட்டி உடம்பில் கோட்டிசோல் சுரப்புக் குறைந்துவிடும். அதிகாலை நாலு மணியளவில் எல்லோருக்கும் மூச்சுக்குழல்கள் கொஞ்சம் ஒடுங்கும். நல்ல சுகமாக இருப்பவர் அதை உணராமல் உறங்குவார், தொய்வுக்காரர் எழும்பிக் குந்துவார். வெளியே ஊரடங்கு. வீதியில் இறங்கினால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அப்படி ஒரு மார்கழி இரவில்தான், மூச்சு குறையக் குறையப் பேச்சும் குறைவதை நான் கண்டேன். முதலில் “அம்மா, சுடுதண்ணி கொஞ்சம் தாங்கோ” என்று கேட்டேன். கொஞ்சம் பொறுத்து “சுடுதண்ணி” என்று மட்டும் கேட்டேன். அதற்குப் பிறகு கையைக் காட்டினேன். எங்கே நோகிறது, எப்படி இருக்கிறது என்று அப்பா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எனக்குள் மறுமொழி இருந்தது. அதை வெளியே கொண்டுவரக் காற்று இல்லை. “கதையாதை, கண்ணைக் காட்டு, காணும்” என்றார் அம்மா. முதுகைத் தடவியபடி தானும் என்னோடு சேர்ந்து மெல்ல மூச்சுவிட்டார். ஊரடங்கு தளர்ந்ததும் அப்பா சைக்கிள் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். சைக்கிள் மிதித்த அப்பாவுக்கும் மூச்சு வாங்கியது. அந்த மூச்சின் ஓசை நிறைந்த ஓசையாக இருந்தது. உள்ளே போய் வெளியே வரும் முழு மூச்சு.

வைத்தியசாலையில் ஓர் இளம் டொக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். ஐந்தைத் தாண்ட என்னால் முடியவில்லை. அவர் உடனே எழும்பிவிட்டார். ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க ஏலாமல் போவது கடுமையான தொய்வின் அடையாளம். நாடித்துடிப்பும் மூச்சு எண்ணிக்கையும் எவ்வளவு முக்கியமோ அதுவும் அவ்வளவு முக்கியம். அமினோபிலினை நாளத்தில் மெதுவாக ஏற்றினார்கள். முகமூடி வைத்து நெபுலைசரில் மருந்துப் புகை பிடிக்கவிட்டார்கள். கைகள் நடுங்கின, நெஞ்சு படபடத்தது. கொஞ்ச நேரத்தில் நான் கொட்டாவி விட்டேன். அந்தக் கொட்டாவி முழுதாக இறங்கியது. அம்மா அதைப் பார்த்துத்தான் அழத் தொடங்கினார்.

அடுத்த கிளினிக்கில் அதே டொக்டர் என் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் படம் கீறிக் காட்டினார். மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உள்சுவர் வீங்குகிறது. பிசுபிசுப்பான சளி மிச்ச இடத்தையும் அடைக்கிறது. உள்ளே எடுக்கும்போது நெஞ்சு விரிவதால் குழல்களும் சற்று விரிந்து காற்றை விடுகின்றன. வெளியே விடும்போது அவை ஒடுங்கிக் காற்றை மறித்துவிடுகின்றன. “அப்ப எனக்கேன் எடுக்கத்தானே ஏலாமக் கிடக்கு?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, நல்ல கேள்வி என்றார். வெளியேறாத காற்று நுரையீரலில் தேங்கி, நெஞ்சு ஏற்கெனவே ஊதிப்போயிருக்கும். அதற்கு மேல் இன்னொரு மூச்சை ஏற்றுவது பெரிய பாரம். ஆகவே புத்தகம் சொல்வதும் சரி, தொய்வுக்காரர் சொல்வதும் சரி. அம்மம்மாவின் மேல்மூச்சும் இறங்காத அடிமூச்சும் அன்றைக்கு எனக்கு விளங்கின. பள்ளிக்கூடம் போகாத அந்த மனுசி தன் நெஞ்சுக்குள் நடந்ததைச் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

கிளினிக் வாங்கில்தான் நான் மற்றவர்களின் மூச்சைக் கேட்டேன். மூன்று இனத்தாரும் ஒரே வாங்கில் காத்திருக்கும் இடம் அது. கிண்ணியாவிலிருந்து வரும் காக்கா ஒருவர் இளவயதில் கடலட்டைக்கும் சங்குக்கும் முழுகியவர். தொய்வு வந்ததும் கடலை விட்டவர். அவர் சொன்னதைப்போல ஒரு விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் காணவில்லை. “தண்ணிக்கு அடியில மூச்சு முடியிறது வேற மகள். மேல வந்தாக் காத்து இரிக்கி எண்டு தெரியும். இதில மேல எண்டு ஒரு இடமே இல்ல” என்றார். கந்தளாய்ப் பக்கத்துச் சிங்கள அம்மா ஒருவர் வார்த்தை தேடாமல் நெஞ்சின் நடுவில் கையை வைத்து, “பப்புவ ஹிர வெலா” என்பார். நெஞ்சு இறுகிப்போயிற்று என்கிறார் என்பது பாஷை தெரியாத எங்களுக்கும் விளங்கும்.

பாண் போறணையில் மா குழைக்கும் தம்பி ஒருவர் வருவார். மாச் சாக்கை அவிழ்த்தால் முதலில் மூக்கால் ஓடும், பின்னேரமானால் மூச்சு ‘கட்டையாகிவிடும்’ என்பார். லீவில் ஊருக்குப் போனால் நல்ல சுகம், வேலைக்குத் திரும்பிய மறுநாள் பழைய கதை. வைத்தியர் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது அந்த லீவு நாட்களைப் பற்றித்தான். வேலைத்தலம் தந்த தொய்வைப் பிடித்துக்கொடுப்பது அந்த ஒரு கேள்விதான். மாவோடு வேலை செய்பவர்களுக்கு வரும் இந்த மூச்சுத்திணறலை இத்தாலிய வைத்தியர் ரமசினி 1700 இல் வெளியிட்ட தன் நூலிலேயே எழுதிவிட்டார். அதே வாங்கில் தாயின் மடியில் இருந்த ஒரு சின்னப் பெடியன் “வயிறு நோகுது” என்று அழுதான். அவன் வயிற்றில் ஒன்றும் இல்லை. விலா எலும்புகளுக்குக் கீழே தசை உள்வாங்கி உள்வாங்கி வலித்ததை அவன் அப்படித்தான் சொல்ல முடிந்தது.

இத்தனை விதமாகச் சொல்வது மனிதர்களின் பேச்சுவாக்கு மட்டும்தானா என்று எனக்கு நெடுநாள் கேள்வி இருந்தது. இல்லை என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. நோயாளர் மூச்சுத்திணறலை விவரிக்கும் சொற்களை 1990 அளவில் பொஸ்டன் நகர வைத்திய ஆய்வாளர்கள் வகைப்படுத்தத் தொடங்கினார்கள். இறுக்கம், பாடுபட்டு இழுத்தல், காற்றுப் பசி என்று வெவ்வேறு உணர்வுகள் இருப்பதையும், அவை வெவ்வேறு நோய்களோடு பொருந்துவதையும் கண்டார்கள். இறுக்கம் தொய்வுக்கே நெருங்கிய உணர்வு. தொய்வுக்காரர் சிலரின் மூச்சு வேலையை இயந்திரத்திடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2002 இல் வெளியாயிற்று. பாடு குறைந்தது, இறுக்கம் குறையவில்லை. இறுக்கம் தசைக் களைப்பால் வருவதில்லை, ஒடுங்கிய குழலிலிருந்தே எழுகிறது என்பதற்கு அது சான்று. இன்ஹேலர் அடித்தவுடன் எங்களுக்கு முதலில் நெஞ்சின் கட்டுத் தளர்வது இதனால்தான்.

சான் பிரான்சிஸ்கோவில் நடந்து 2000 இல் வெளியான இன்னொரு ஆய்வு என்னை உலுக்கியது. கறுப்பினத்தவர், வெள்ளையர் என்று இரு சாராருக்கும் மூச்சுக்குழல்களை ஒரே அளவுக்கு ஒடுங்கச்செய்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். கறுப்பினத்தவர் தொண்டை இறுகுகிறது, குரல் இறுகுகிறது, தொண்டை அரிக்கிறது என்றார்கள். வெள்ளையர் ஆழமாக மூச்செடுக்க முடியவில்லை, தலை லேசாகிறது என்று நெஞ்சையும் மூச்சையும் வைத்துச் சொன்னார்கள். ஒரு சாராரின் சொற்களை மட்டும் காதில் வைத்திருக்கும் வைத்தியர் மற்றவரின் தொய்வைத் தொண்டை நோவு என்று அனுப்பிவிடக்கூடும். சிறுவயதில் என் கழுத்து அரிப்பை, வேர்க்குரு என்று சொல்லிப் பூச்சுமருந்து தந்து அனுப்பியவர்கள் உண்டு. தாய்மொழியில் கேட்கவும் சொல்லவும் ஆளில்லாத வைத்தியசாலையில் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. எங்கள் மாகாணத்தில் அது நேற்று இன்றைய குறையல்ல.

எல்லோரிலும் நான் அதிகம் நினைப்பது ஒன்றுமே சொல்லாத என் பெரியப்பாவைத்தான். துறைமுகத்தில் மூட்டை சுமந்த உடம்பு அவருக்கு. அவருக்கும் தொய்வு இருந்தது. மூச்சு சத்தமாகக் கேட்கும்போதுகூட “ஒண்டுமில்லை, கொஞ்சம் களைப்பு” என்பார். நாங்கள் அதைத் தைரியம் என்று நினைத்தோம். ஒரு கச்சான் காலத்து இரவில் அவரது நெஞ்சின் சத்தம் நின்றது. சுகமாகிவிட்டது, உறங்குகிறார் என்று வீட்டில் நம்பினார்கள். விடியும்போது அவர் இல்லை. இழுப்புச் சத்தம் கேட்கவும் காற்று ஓட வேண்டும். குழல்கள் அடியோடு அடைபட்டால் நெஞ்சு மௌனமாகிவிடும். நீலம்பாய்ந்த உதடும் குழம்பிய பார்வையும் உறக்கமும் அதோடு சேர்ந்தால் அது சாவின் வாசல். அதை எங்கள் தெருவில் யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

யப்பானின் சென்டாய் நகர ஆய்வாளர்கள் 1994 இல் வெளியிட்ட ஆய்வை வாசித்தபோது பெரியப்பாவின் முகம் முன்னால் வந்தது. தொய்வால் சாவின் விளிம்புவரை போய்த் தப்பியவர்களை அவர்கள் சோதித்தார்கள். மூச்சுத்திணறலை உணரும் சக்தி அவர்களிடம் மற்றவர்களைவிட மங்கியிருந்தது. ஒக்சிசன் குறைந்தபோது அவர்களின் உடம்பு போதியளவு பதைக்கவுமில்லை. பெரியப்பா பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே களைப்பு மட்டும்தான் தெரிந்திருக்கும். இப்படிப்பட்டவர்களை அவர்களின் சொல்லை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது. ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீற்றர் என்ற சின்னக் குழாய் அவர்களுக்காகப் பேசும். காலையும் மாலையும் ஊதி அளவைக் குறித்து வைத்தால், ஆள் உணர்வதற்கு முன்பே இறக்கம் தெரிந்துவிடும்.

வைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மம்மா ஆடாதோடை இலையை அவித்துத் தேனோடு குடிப்பார். அந்த மூலிகையிலுள்ள வசிசின் என்ற பொருளிலிருந்துதான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து உருவாக்கப்பட்டது. அவருடைய காலத்துக் கிழவர்கள் காய்ந்த ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைத்தார்கள். அந்தப் பழக்கம் 1802 இல் சென்னையிலிருந்து பிரித்தானியாவுக்குப் போய், அங்கே நெடுங்காலம் தொய்வுச் சிகரெட்டாக விற்பனையானது. ஊமத்தை நஞ்சு. அளவு தப்பினால் சித்தம் கலங்கும், உயிரும் போகும். அதே வகைப் பொருளைத் திருத்தி எடுத்த இப்ரட்ரோபியம் இன்று நெபுலைசரில் பாதுகாப்பாகச் சேர்க்கப்படுகிறது. பழையவர்களின் கண்டறிதலை மதிப்போம், நஞ்சைத் திரும்பக் கையிலெடுக்க வேண்டாம்.

1969 இல் வந்த சல்பியூட்டமோல் இன்ஹேலர் இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தை ஆற்றுவது 1972 இல் இன்ஹேலராக வந்த பெக்லோமெதசோனும் அதன் வகை மருந்துகளும்தான். அவற்றை நன்றாக இருக்கும் நாட்களிலும் எடுக்க வேண்டும். தணிக்கும் மருந்தை மட்டும் நம்பி வளர்ந்தவர்களும் பதின்ம வயதினரும் இருக்கக் கூடாது என்று உலகத் தொய்வு வழிகாட்டல் 2019 முதல் சொல்லிவருகிறது. எங்கள் வீடுகளிலோ “பம் பழகினா விடேலாது” என்ற பயம். பெண்பிள்ளை என்றால் கலியாணப் பேச்சு முடியும்வரை இன்ஹேலரை அலுமாரிக்குள் ஒளித்துவைக்கும் கொடுமையும் சேரும். ஒளித்த மருந்து நள்ளிரவில் கைக்கு எட்டாது. இன்ஹேலரை நேரே அடிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு, அதில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குடுவை வேண்டும். அது வாங்க வசதியில்லாத இடங்களில், 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலில் துளையிட்டுப் பொருத்தியதும் அதே பலன் தருவதாகக் கேப் டவுன் வைத்தியர்கள் 1999 இல் காட்டினார்கள். செய்யும் முறையை உங்கள் வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி எங்களுக்குப் பழைய காலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. சமையல் எரிவாயு இல்லை, வீடுகளில் விறகடுப்பு மீண்டும் புகைந்தது. மருந்துகளுக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு. அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியப் பக்கமிருந்து வந்த மாசுக் காற்று நாட்டை மூடியதால் 9 ஆம் திகதி பாடசாலைகளையே மூடினார்கள். நாங்கள் யன்னல்களைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருவரை ஒருவர் தொலைபேசியில் விசாரித்தோம். கேட்கும் குரலில் வசனம் எங்கே முறிகிறது என்பதைக் கவனித்தபடிதான் கதைத்தோம்.

உங்கள் வீட்டில் தொய்வுள்ளவர் இருந்தால் அவர் நன்றாக இருக்கும் நாளில் உட்காரவைத்துக் கேளுங்கள்: முதலில் உனக்கு என்ன தெரியும், எங்கே தெரியும், எந்தக் காற்றில், எந்த வேலையில், எந்த மணியில்? அவர் சொல்வதை அவரது சொற்களிலேயே கிளினிக் கொப்பியில் எழுதிவைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். பிள்ளை வயிறு நோகுது என்றால் விலாவைப் பாருங்கள். ஒன்றுமில்லை என்பவரை ஒரு வசனம் சொல்லச் சொல்லுங்கள். அது நடுவில் முறிந்தாலோ, சத்தம் நின்று சோர்வு கூடினாலோ, இன்ஹேலருக்குப் பிறகும் தளராவிட்டாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலங்கையில் எங்கும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். எங்களுக்கு அன்று இல்லாத வசதி அது. அதைப் பயன்படுத்துங்கள்.